மாறி உட்கார்ந்த ஊர்

கேளுங்கள் கண்ணுகளா, நாற்பது வீடுள்ள ஓர் ஊர் ஒரு நாள் காலையில் மொத்தமாக வீடு மாறி உட்கார்ந்தது. தையல்காரர் வீட்டில் கொத்தனார், கொத்தனார் வீட்டில் தையல்காரர். கோடி வீட்டு மாமியார் நடு வீட்டு அடுப்படியில். சிரிப்பு வருகிறதா? இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். போகப் போக அதற்கு இடம் இருக்காது.

யோசனை மில்லம்மாவுடையது. வீட்டின் முன்னறையில் மாவு மில் வைத்திருந்தாள். கண் இமை வரைக்கும் மாவு. மிஷினோடு மல்லுக்கட்டிப் பேசிப் பழகிய குரல். மிஷினை நிறுத்தத் தெரியும், குரலை நிறுத்தத் தெரியாது. ஊரில் எல்லா வீட்டு அடுப்பும் அவள் அரைத்துக் கொடுத்துத்தான் எரிந்தது. அதனால் அவள் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது.

நகரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டிருந்தது. பக்கத்து ஊரை முந்தின வருடம் நகரத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த மூன்றாம் மாதம் அந்த ஊர் ஏரிக்கரையில் குப்பை லாரிகள் வரிசை கட்டின. கிணறுகளுக்குச் சிமென்ட் மூடி. மாடு வைத்திருந்தவர்கள் விற்றார்கள், விற்காதவர்களின் மாட்டை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அந்த ஊரைப் பற்றிக் கேட்டால் இப்போது ஒரு வார்டு எண்ணைச் சொல்கிறார்கள். அடுத்தது இந்த ஊர்.

ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருந்தார்கள். நீதிமன்றம் ஒரு கெடு வைத்தது. எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்ற பட்டியலை ஆறு மாதத்துக்குள் பிழையில்லாமல் எடுத்து முடித்தால் நகரம் ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் திட்டம் விழுந்துவிடும்.

மில் வாசலில் கூட்டம் கூடியது.

"பட்டியல் எடுக்க வர்றவனை ஊர் எல்லையிலேயே நாலு சாத்து சாத்தி அனுப்பிடலாம்," என்றார் கொத்தனார்.

"நீ சாத்துவே. அவன் உன்னை உள்ள தள்ளுவான். அப்புறம் உன் பெண்டாட்டியை யாரு பார்த்துக்கிறது?" என்றாள் மில்லம்மா.

"அவ நிம்மதியா இருப்பா," என்று கொத்தனாரின் மனைவியே பின்னாலிருந்து சொன்னாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அடிதடி வேணாம். வர்றவங்களை உட்கார வைப்போம். தண்ணி கொடுப்போம். கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லுவோம். பேரு, வயசு எல்லாம் உண்மையே சொல்லுங்க. வீட்டை மட்டும் மாத்தி உட்காருங்க. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு கேட்டா, கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்துன்னு அடிச்சுச் சொல்லுங்க. பட்டியல் வரட்டும். நாற்பதும் தப்பு! அதைக் கொண்டுபோய் கோர்ட்டுல விரிச்சு, யாரு எந்த வீட்டுல இருக்கான்னே தெரியாதவன் எங்களை ஆள வர்றானான்னு கேப்போம்."

தையல்காரர் மட்டும் தயங்கினார். "விரல் வைக்கச் சொல்லுவாங்களாமே மில்லக்கா?"

"வையேன்யா. விரலுக்கு வீடு தெரியுமா?"

இந்த ஊரில் வயலுக்குத்தான் பத்திரம் உண்டு, வீட்டுக்குக் கிடையாது. யார் வீடு என்று கேட்டால் ஊர் வாயால் சொல்லும். அந்த வாய்தான் பத்திரம். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். அதனால் ஒரு காகிதத்தில் தப்பாக எழுதிவிட்டால் வீடு கை மாறிவிடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஜோடி பிரித்தார்கள். மில்லம்மா தன் வீட்டில் உட்காரத் தேர்ந்தெடுத்தது அவள் ஓரகத்தியை, அதாவது செத்துப்போன கொழுந்தனின் மனைவியை. சின்னவள் என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். மில் வீட்டுக்குப் பின்னால் இருந்த எருமைக் கொட்டகையில் குடியிருந்தாள். வேறு யாரையும் உள்ளே விட்டால் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், சின்னவளுக்கு வாயும் இல்லை, கையும் நீளாது என்பது மில்லம்மாவின் கணக்கு.

கொட்டகைக்குச் சின்னவள் எப்படி வந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமனார் இறந்தபோது வீடு இரண்டு மகன்களுக்கும் பொது. "சின்னவங்க தனி வீடு கட்டுற வரைக்கும் கொட்டகையில இருக்கட்டும். அவங்க பாகத்துக்கு எருமைங்களைக் கொடுத்தாச்சு," என்றாள் மில்லம்மா. பாகம் சரியா என்று ஊரைக் கேட்டார்கள். ஊர் மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு சரி என்றது. இரண்டாவது மழைக்காலத்தில் கொழுந்தனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஈரத்தரை. மில்லம்மா விரித்துப் படுக்கக் காலிச் சாக்கு இரண்டு கொடுத்து அனுப்பினாள். அவன் அந்தச் சாக்கின் மேலேயே போனான்.

பட்டியல் எடுக்க வருகிற நாளுக்கு முந்தின மாலை மில்லம்மா சின்னவளை வீட்டுக்குள் அழைத்து ஒத்திகை பார்த்தாள்.

"நாற்காலியில உட்காரு. முதுகைச் சாய்க்காதே, மேலெல்லாம் எருமை நாத்தம். நாளைக்குக் குளிச்சிட்டு வா. சொல்லு, எத்தனை வருஷமா இருக்கே?"

"கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து."

"சத்தமா."

"கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து, அக்கா."

"அக்கா கிக்கான்னு சொல்லித் தொலைக்காதே. நீதான் நாளைக்கு வீட்டுக்காரி. கொஞ்சம் திமிரா இரு. உன் மூஞ்சியைப் பார்த்தா பிச்சைக்கு வந்தவன்னு எழுதிடுவாங்க."

ஒரு சிக்கல் இருந்தது. மில்லம்மாவின் கணவர் மூன்று வருடமாகப் படுக்கையில் கிடந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரைக் கட்டிலோடு கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. "இங்கேயே கிடக்கட்டும். உன் புருஷனுக்கு அண்ணன், மூத்தார்னு சொல்லிடு. பொய்யும் இல்லையே," என்றாள் மில்லம்மா.

பொய்யில்லைதான். பகல் முழுக்க மில்லம்மா மிஷினடியில் நிற்பாள். அவரைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் சின்னவள். அதற்குக் கூலி, அரைத்து மீந்த தவிடு. எருமைக்கு.

மறுநாள் காலை ஓர் இளம்பெண் வந்தாள். நோட்டும் பேனாவும் எதிர்பார்த்திருந்தவர்கள் முன்னால் கையகலக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை நீட்டினாள். வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். விரல் ரேகை வாங்கினாள். ஊர் ஒரு கணம் திகைத்து மில்லம்மா இருந்த பக்கம் பார்த்தது. அவள் கொட்டகை வாசலிலிருந்து கண்ணைக் காட்டினாள். வையுங்கள் என்று.

கொட்டகைக்கு அந்தப் பெண் வந்தபோது மில்லம்மா எருமைக்கு முன்னால் கைகட்டி நின்றாள்.

"எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கம்மா?"

"கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து. இருபத்தெட்டு வருஷம்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. தனிக்கட்டை."

"இதுலயேவா தூங்குறீங்க?" என்று அந்தப் பெண் சாணம் மெழுகிய தரையைப் பார்த்தாள். குரல் இளகியிருந்தது. "கவலைப்படாதீங்கம்மா. நகரத்துல சேர்ந்துட்டா நல்லது நடக்கும்."

அவள் போனதும் மில்லம்மா எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். சாயங்காலம் அவரவர் வீட்டுக்கு அவரவர் திரும்பினார்கள். சின்னவளும் கொட்டகைக்குத் திரும்பினாள். நாற்காலியை மட்டும் மில்லம்மா ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தாள்.

ஐந்து வாரம் கழித்துப் பள்ளிக்கூடச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். நாற்பதும் தப்பு. கோர்ட்டுக்குப் போகுமுன் அவர்கள் முகத்திலேயே விரித்துக் காட்ட, ஊர் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பாடிக்கொண்டே நகர அலுவலகத்துக்குப் போனது. மில்லம்மா முன்னால்.

பெரிய அதிகாரி மெலிந்த மனிதர். கோபப்படவே தெரியாதவர்போல இருந்தார். மில்லம்மா மேஜை மேல் பட்டியலை அறைந்து, ஆள வந்த லட்சணத்தை எல்லாம் கேட்டு முடிக்கும் வரை காத்திருந்தார்.

"அப்ப நாற்பது குடும்பமும் பொய் சொல்லி விரல் வச்சிருக்கீங்க," என்றார்.

கொத்தனார் தன் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இது குற்றம். ஆளுக்கு ரெண்டு வருஷம். ஆனா எல்லாரையும் உள்ள போட எங்ககிட்டயும் இடம் இல்ல." அவரே மெல்லச் சிரித்துக்கொண்டார். "தவறுதலா மாறிப் பதிவாயிருந்தா திருத்தப் படிவம் இருக்கு. மாறின ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கையெழுத்துப் போடணும். ஒருத்தர் போட்டா செல்லாது. பதினஞ்சு நாள் டைம். அதுக்கு மேல பட்டியல்ல இருக்கிற பேருதான் வீட்டுக்குச் சொந்தம்."

தையல்காரர் படிவத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார். முதல் வரியிலேயே நின்றார். "மில்லக்கா, இதுல மேலேயே 'நகர எல்லைக்குட்பட்ட எனது வீடு'ன்னு இருக்கு. இதுல கையெழுத்துப் போட்டா நாம சேர்ந்துட்டோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே."

"ஒருத்தரும் போடாதீங்க," என்றாள் மில்லம்மா. "நாற்பது பேரும் போடலைன்னா அவன் என்ன பண்ணுவான்?"

திரும்பும் வழியில் ஒருவரும் பாடவில்லை. கொத்தனார் தையல்காரரைப் பார்த்தார், தையல்காரர் கொத்தனாரைப் பார்த்தார். தையல்காரர் வீட்டில் புதிதாகத் தளம் போட்டிருந்தது. கொத்தனார் போட்ட தளம்தான், உறுதி அவருக்குத் தெரியும். மறுநாள் காலை முதல் பேருந்தில் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

"முதல்ல வீடு, அப்புறம் போராட்டம்," என்றார் தையல்காரர், கேட்காதவர்களிடமும்.

கரையில் ஒரு கல் பெயர்ந்தால் போதாதா? எட்டே நாளில் முப்பத்தெட்டு வீடு திருத்தியாகிவிட்டது. மில்லம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வாசலாக நின்று வசைபாடினாள். வசை வாங்கிக்கொண்டவர்கள் மாவு டப்பாவை வேறு ஊருக்கு எடுத்துப் போனார்கள்.

மிச்சம் இரண்டு வீடு. மில்லம்மாவின் பெரிய வீடும் கொட்டகையும்.

பத்தாவது நாள் மில்லம்மா தானே அலுவலகத்துக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்தாள். அதற்கு அவள் பட்ட வெட்கத்தை நான் சொல்லமாட்டேன், நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டகைக்குப் போனாள். சின்னவள் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"எழுந்து கையைக் கழுவு. இதுல ஒரு கையெழுத்து வை."

வாளியில் பால் சர் சர்ரென்று விழுந்தது.

"உன்னைத்தாண்டி."

"வைக்க மாட்டேன்க்கா."

மில்லம்மாவுக்கு முதலில் காதில் விழவில்லை. விழுந்தும் புரியவில்லை. "என்ன சொன்னே?"

"வைக்க மாட்டேன்." சின்னவள் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்கதானே திமிரா இருக்கச் சொன்னீங்க."

"நாயே, யாரு வீட்டுல யாரு…"

"பாதி என் வீட்டுக்காரர் வீடு. அன்னிக்கு நான் ஊரைக் கேட்டேன். ஊரு உங்க வீடுன்னு சொல்லிச்சு. ரெண்டு சாக்கு கொடுத்தீங்க. இப்ப காகிதம் என் வீடுன்னு சொல்லுது. நானும் உங்களுக்குச் சாக்கு கொடுக்கிறேன், வேணும்னா மூணாக் கொடுக்கிறேன்."

மில்லம்மா வாளியை உதைத்தாள். பால் சாணத்தில் ஓடியது. சின்னவள் எழுந்து, காலி வாளியை நிமிர்த்தி வைத்து, மறுபடி குந்திக்கொண்டாள். அடுத்த எருமை காத்திருந்தது.

அன்று முதல் சின்னவளிடம் பால் வாங்கக் கூடாது என்று மில்லம்மா தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்தாள். "பால் வேற, வழக்கு வேற மில்லக்கா," என்றார் தையல்காரர், கையில் செம்போடு.

பதினான்காம் நாள் அவள் பெரிய அதிகாரி முன்னால் தனியாக உட்கார்ந்தாள்.

"நேர்ல வந்து விசாரிங்க சார். ஊரே சொல்லும், அது யார் வீடுன்னு."

அதிகாரி அவள் கோப்பைப் புரட்டினார். "விசாரிக்கலாம். ஆனா பாருங்க, எங்க எல்லைக்குள்ள இருக்கிற வீட்டைத்தான் நாங்க விசாரிக்க முடியும். நீங்க ஒருத்தர்தான் இன்னும் எல்லைக்கு வெளிய நிக்கிறீங்க. வழக்குல ஆட்சேபணை உங்க பேருல மட்டும்தான் மிச்சம். மத்தவங்க படிவத்தோட அதையும் வாபஸ் வாங்கிட்டாங்க. உங்க ஓரகத்தி பேரு வழக்குலயே இல்ல."

"நான் வாங்கலைன்னா?"

"வழக்கு நடக்கும். ஒரு ஆட்சேபணை இருந்தாலும் கெடு தாண்டிடும், எங்க திட்டம் விழுந்தாலும் விழும். எங்களுக்குத் தலைவலிதான்." அவர் மறைக்கவில்லை, அது அவருடைய நேர்மை. "ஆனா உங்க வீட்டை நான் விசாரிக்க முடியாது. யாரு விசாரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாது."

ஊரைக் காப்பாற்ற இன்னும் ஒரே ஒரு கை மிச்சமிருந்தது. அது மாவு படிந்த கை. அந்த அறையில் மின்விசிறி ஒன்று தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றியது. மில்லம்மா வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு வாபஸ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளைக் கல்லால் அடிக்காதீர்கள் கண்ணுகளா. முப்பத்தெட்டு வீடு போன வழியில்தான் அவளும் போனாள். கடைசியாகப் போனாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

விசாரணை மில் வாசலில் நடந்தது. மேஜை, நாற்காலி எல்லாம் மில்லம்மா வீட்டுச் சாமான்தான். அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார்.

"இந்த வீட்டுல யாரு குடியிருக்காங்க?"

தையல்காரர் தரையைப் பார்த்தார். மில்லம்மாதான் என்று சொன்னால், அன்றைக்கு ஊரே திட்டம் போட்டுப் பொய் சொன்னது என்றாகும். தவறுதலாக மாறிவிட்டது என்று எழுதிக் கொடுத்த அவருடைய படிவமும் பொய்யாகும். புதுத் தளம் போட்ட வீடு மறுபடி ஆட்டம் காணும். "பட்டியல்ல இருக்கிறபடிதான் சார்," என்றார்.

"பட்டியல்படிதான்," என்றார் கொத்தனார்.

"பட்டியல்படிதான்," என்றாள் கொத்தனாரின் மனைவி. இப்படியே தெருக்கோடி வரைக்கும்.

"பாவிங்களா, உங்க வாயில நான் அரைச்ச மாவுதானே இருக்கு!" என்று மில்லம்மா அலறினாள். மிஷின் ஓடாததால் அந்தக் குரல் மிகவும் பெரிதாகக் கேட்டது. "எல்லாரும் பொய் சொல்லட்டும். உள்ள என் புருஷன் இருக்காரு. அவரைக் கேளுங்க."

எல்லோரும் உள்ளே போனார்கள். அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். சின்னவள் அவர் தோளைப் பிடித்து, பழகிய கையால் இந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, இது யாரு வீடு?"

"எங்க அப்பா வீடு," என்றார். "சாகும்போது பாதி தம்பிக்குன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"யாரும் கேக்கலை. நான் பேசினா மிஷின் சத்தத்துல கேக்காது."

மில்லம்மா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "ஏங்க, பாதி அவளுக்கே போகட்டும். மீதி பாதி நம்மளுதுன்னு சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அதிகாரி குனிந்தார். "உங்க கூட இந்த வீட்டுல இருக்கிறது, உங்களைப் பார்த்துக்கிறது யாரு?"

அவர் யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். யோசிக்கத்தான் செய்தார். கொட்டகைக்குக் கட்டில் நுழையாது. அங்கே தரை ஈரம். தம்பிக்குச் சளி கட்டியதையும் அவர் இந்தக் கட்டிலிலிருந்து கேட்டிருந்தார். அப்போது அவர் கால்கள் நன்றாகத்தான் இருந்தன, எழுந்து போகவில்லை.

"சின்னவதான் பார்த்துக்கிறா," என்றார். "பட்டியல்படிதான்."

மூன்று நாளில் மில்லம்மா கொட்டகைக்கு மாறினாள். சின்னவள் சொன்னபடியே மூன்று சாக்கு கொடுத்து அனுப்பினாள். எருமைகளை நகரத்து வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது, எல்லைக்குள் மாடு கூடாது. அதே வாரம் மில்லுக்கும் சீல் வைத்தார்கள், குடியிருப்புப் பகுதியில் மிஷின் கூடாது. சின்னவளுக்கு வீடு கிடைத்தது, பிழைப்பு போனது. குப்பை லாரிகள் இந்த ஊர் ஏரிக்கரைக்கும் வந்துவிட்டன. தையல்காரர் ஏரிப்பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார், நாற்றம் தாங்கவில்லை.

அகலச் சாலைக்குக் கோடு போட்டவர்கள் கொட்டகைச் சுவரில் சிவப்பு அடையாளம் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் முற்பகலில் மண் அள்ளும் இயந்திரம் வந்தது. பட்டியல் எடுக்க வந்த அதே இளம்பெண்ணும் வந்திருந்தாள். மில்லம்மாவை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. "அம்மா, நல்லது நடக்கும்னு சொன்னேன்ல? இந்த மாட்டுக் கொட்டகையிலேர்ந்து உங்களுக்கு விடுதலை," என்று சொல்லி, உண்மையான அன்போடு கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தாள். மூன்று சாக்கும் ஓர் அலுமினியத் தட்டும் ஒரு குடமும் தெருவுக்கு வந்தன. ஊர் அவரவர் வாசலில் நின்று பார்த்தது. உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

பெரிய வீட்டுக்குள் கட்டில் அதிர்ந்தது.

"என்னம்மா சத்தம்?" என்று கேட்டார் அவர்.

சின்னவள் ஜன்னலருகே போய்ப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல மாமா. கொட்டகையை இடிக்கிறாங்க."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்ல. வெளிய நிக்கிறாங்க."

அவர் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டார். பிறகு இருமல் வந்தது.

"ஜன்னலைச் சாத்து," என்றார். "தூசி வருது."